காலக் கணக்கும் கடமைக் கணக்கும்

ஒரு மாதத்திற்கு எத்தனை மணி நேரம்? பள்ளியில் பயிலும் சிறுவனும் இவ்வினாவுக்கு விடை கூறிவிடுவான். நாளொன்றுக்கு 24 மணி. மாதமொன்றுக்கு 30 நாள். ஆக, 720 மணி. கணக்கில் பிழை ஏதுமில்லை. ஆயினும் அவ்விடையைக் கையில் வைத்துக்கொண்டு உலகியலுக்குள் புகுந்தால், அது பல இடங்களில் பொருந்தாமற் போவதைக் காணலாம். பிப்ரவரி மாதத்திற்கு 672 மணி. லீப் ஆண்டாயின் 696 மணி. ஜனவரிக்கு 744 மணி. சந்திரனைக் கொண்டு கணிப்போர்க்கு ஓர் அமாவாசை தொடங்கி மறு அமாவாசை வரையில் சராசரியாக 708 மணி 44 நிமிடம். சூரியன் ஒரு ராசியைக் கடக்கும் காலமே மாதம் எனக் கொள்ளும் தமிழ்க் கணக்கிலோ, பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரண்டு அளவு. உழைப்பவனின் கூலிக் கணக்கு இவை எல்லாவற்றினும் வேறு. அங்கே நாள் என்பது 8 மணி. மாதம் என்பது 26 நாள். ஆக, 208 மணியே ஒரு மாதம். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தே ஒரு நாளின் ஊதியத்தைக் கணக்கிட்டது.

மணிகள் கூடினால் மாதம் ஆகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த மணியையும் எந்த மணிக்கும் ஈடாக வைத்துக் கூட்டலாமா என்பது வேறு வினா. முன்னது கணிதத்தின்பாற்பட்டது, பின்னது அறத்தின்பாற்பட்டது. இவ்விரு வினாக்களும் அன்றாடம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் ஊர் ஒன்று கடலூர் மாவட்டத்தில் உண்டு. பூமியின் அடியில் பல கோடி ஆண்டுகள் உறங்கிக் கிடந்த பொருளை இரவும் பகலும் மணிக்கணக்கில் அகழ்ந்தெடுத்து, ஒளியாக்கி, மாதக் கணக்கில் விலை கூறும் ஊர் அது. நெய்வேலி என்பது அதன் பெயர்.

நாழிகைக் கணக்கு

தமிழ் மக்கள் வழிவழியாகக் கைக்கொண்ட காலக் கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை; ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. இன்றைய கடிகாரத்தின்படி ஒரு நாழிகை 24 நிமிடம். இரண்டரை நாழிகை ஒரு மணி. ஏழரை நாழிகை ஒரு சாமம். எட்டு மணி நேரம் நீளும் ஒரு ஷிப்டு 20 நாழிகை ஆகும். மூன்று ஷிப்டுகள் கூடினால் 60 நாழிகையாகி ஒரு முழு நாள் நிரம்பிவிடுகிறது. தொழிற்சாலையின் கணக்கும் பஞ்சாங்கத்தின் கணக்கும் இவ்வளவில் வழுவின்றி ஒத்துப்போகின்றன.

நாளிலிருந்து மாதத்திற்கு ஏறும்போதுதான் வேற்றுமை தலைகாட்டுகிறது. பழைய பஞ்சாங்க அளவின்படி ஆனி மாதம் 31 நாள் 36 நாழிகை 38 விநாழிகை. மார்கழியோ 29 நாள் 20 நாழிகை 53 விநாழிகை. மணியாக மாற்றினால் ஆனிக்கு 758 மணி 39 நிமிடமும், மார்கழிக்கு 704 மணி 21 நிமிடமும் வரும். இரு மாதங்களுக்கும் இடையே இரண்டு நாளுக்கு மேற்பட்ட வேறுபாடு! பூமி தன் நீள்வட்டப் பாதையில் சூரியனை மிக அணுகி வருவது ஜனவரித் தொடக்கத்தில்; அப்போது அது விரைந்து செல்கிறது; ஆதலின் சூரியன் தனுர் ராசியைக் கடக்கும் காலமும் குறுகிவிடுகிறது. எனினும் பன்னிரண்டு மாத அளவுகளையும் ஒருங்கே கூட்டினால் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை என்னும் ஆண்டளவு பிசகாமல் கிடைக்கிறது. முன்னோர் ஆண்டைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி மாதம் என்று பெயரிடவில்லை. ஒரு ராசியில் கதிரவன் எத்தனை நாழிகை தங்குகிறானோ, அத்தனை நாழிகையே மாதம் என்று ஏற்றுக்கொண்டனர்.

திதியும் இத்தகையதே. அது சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகும் காலம். சில நாளில் ஏறத்தாழ 20 மணியில் முடியும். சில நாளில் 27 மணியை நெருங்கும். ஏகாதசி உபவாசத்தை நிர்ணயிக்கும் வைஷ்ணவப் பெரியோர் சூரியோதயத்திற்கு முற்பட்ட 4 நாழிகையை அருணோதயம் என்று கொண்டு, அவ்வேளையில் தசமியின் தொடர்பு இருக்குமாயின் அந்த ஏகாதசியை விலக்கி, மறுநாளில் உபவாசம் இருக்கப் பணித்தனர். சில விநாழிகை வேறுபாட்டால் ஒரு நாள் முழுவதற்கும் உரிய விரதமே இடம் பெயர்கிறது. விரதத்திற்கு வேண்டிய மணிகள் எந்நாளும் 24தானே, எந்த நாளில் இருந்தால் என்ன என்று கேட்பவனுக்கு இந்நிர்ணயம் விளங்காது.

மணியை மாதமாக்கும் கணக்கில் வேறொரு வகையும் உண்டு. மானிடர்க்கு ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள்; உத்தராயணம் அவர்களுக்குப் பகல், தக்ஷிணாயனம் இரவு என்று விஷ்ணு புராணம் கூறுகிறது. அவ்வாறாயின் பன்னிரண்டு மாதம் 24 மணிக்குச் சமம். ஒரு மாதம் இரண்டு மணிக்குச் சமம். தை முதல் நாள் தேவர்களுக்குப் பொழுது விடியும் நாள். அதற்கு முற்பட்ட மார்கழி முழுவதும் அவர்களுக்கு விடியற்காலை நான்கு மணி முதல் ஆறு மணி வரையிலான பொழுது. மார்கழியைத் திருப்பள்ளியெழுச்சிக்கு உரிய மாதமாகப் பெரியோர் போற்றியதன் கணக்கு இதுவே. இங்கே மணி மாதமாக மாறும்போது அளவு மட்டுமா மாறுகிறது? வைகறைக்குரிய தூய்மையும் விழிப்பும் ஒரு மாதத்தின் மேல் வந்து படிகின்றன. 704 மணி என்று எண்ணினால் இத்தன்மை எண்ணிக்கைக்குள் அகப்படாது.

நெய்வேலியின் கணக்கு

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் நீருக்காகக் கிணறு தோண்டுவித்தபோது, நீரோடு கரிய பொருளும் மேலே வந்தது. அவர் அதனை அரசினரின் கவனத்திற்குக் கொண்டு சென்றார். அதுவே பழுப்பு நிலக்கரி. பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளின் பயனாக 1956 நவம்பரில் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவாயிற்று. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு மார்ச் 22ஆம் நாள் மேகநாத் சாஹா குழுவின் பரிந்துரைப்படி தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்திருந்தது. ஏப்ரல் முதல் நாள் அணாவுக்கு மாற்றாக நயா பைசா வந்திருந்தது. பணத்தைப் பதின்மக் கணக்கிற்கு மாற்றிய தேசம் மணியை மட்டும் 60இலேயே விட்டுவைத்தது. முன்னொரு காலத்தில் பிரெஞ்சுப் புரட்சியாளர் நாளைப் பத்து மணியாகவும் மணியை நூறு நிமிடமாகவும் வகுத்துச் சட்டம் இயற்றினர். 1793இல் பிறந்த அச்சட்டம் 1795இலேயே கைவிடப்பட்டது. காசையும் படியையும் மாற்றுவது எளிது. மக்கள் விழித்து, உண்டு, உறங்கும் முறையைச் சட்டத்தால் மாற்றுவது அரிது.

நெய்வேலியில் 1961 ஆகஸ்டில் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. 1962இல் சோவியத் நாட்டின் துணையோடு அமைந்த அனல் மின் நிலையம் மின்சாரம் வழங்கத் தொடங்கிற்று. அன்றுமுதல் அவ்வூரின் வாழ்வு மணிக்கணக்கின் மேல் நிற்கிறது. மின்சாரத்தை அளக்கும் 'யூனிட்' என்னும் அளவிலேயே மணி ஒளிந்திருக்கிறது. 1,000 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவாயின் அது ஒரு யூனிட். ஓர் இல்லத்தில் 100 வாட் விளக்கு ஒன்று நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரிவதாகக் கொள்வோர், 30 நாளுக்கு 150 மணி, அதாவது 15 யூனிட் என்று கணக்கிடலாம். ஒரு யூனிட் மின்சாரம் பிறக்க ஏறத்தாழ ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டும். ஆகவே அவ்விளக்கின் ஒரு மாத ஒளி, பூமியின் அடியிலிருந்து எடுத்த 15 கிலோ கரியாகும்.

இதனையே மின் நிலையத்தின் அளவில் காண்க. நெய்வேலியின் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் திறனுள்ள ஏழு பிறப்பிகள் நிறுவப்பெற்றன. அவற்றுள் ஒன்று முழுத் திறனோடு ஒரு மணி நேரம் ஓடினால் 2,10,000 யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதற்கு ஏறத்தாழ 210 டன் நிலக்கரி வேண்டும். ஒரு நாளுக்கு அது 5,040 டன். 30 நாளுக்கு 1,51,200 டன். மணியை மாதமாக்கும் கணக்கு இங்கே மலைபோல் குவிந்து கண்முன் நிற்கிறது. அம்மலையைத் தோண்டவே, ஒரு தெருவின் அகலத்தை அடைத்துக்கொள்ளும் சக்கர அகழ்பொறிகள் பொழுது பாராமல் சுழல்கின்றன.

இந்தக் கணக்கு ஒரு திசையில்தான் செல்லும் என்பது கருதற்பாலது. ஆதியில் சதுப்பு நிலத்தில் தழைத்த மரஞ்செடிகள் சூரிய ஒளியை உண்டு வளர்ந்து, வீழ்ந்து, மண்ணில் புதைந்து, பல கோடி ஆண்டு அழுத்தத்தில் நிலக்கரியாயின. அந்த ஆண்டுகளின் பயன் ஒரு மணியில் எரிந்து முடிகிறது. மாதத்தை மீண்டும் மணியாக வகுக்கலாம். ஏட்டில் அதற்குத் தடையில்லை. எரிந்த கரியை மீண்டும் படிவமாக்க எந்தக் கணக்காலும் இயலாது. காலத்தைச் செலவிடும்போது மனிதன் கணக்கேட்டில் எழுதுவது ஒன்று. உண்மையில் செலவாவது வேறொன்று.

படியும் நெல்லும்

காலத்தைப் பற்றி வைஷ்ணவ ஆசார்யர்கள் ஆராய்ந்து தெளிந்த முடிவு இவ்விடத்தில் துணை நிற்கிறது. காலம் என்பது மனத்தின் கற்பனை அன்று, அது உள்பொருள். பிள்ளை லோகாசார்யர் தத்வ த்ரயத்தில் அசித்தை மூன்றாக வகுத்து, ஸத்வ சூன்யமானது காலம் என்று காட்டினார். ப்ரக்ருதியும் அதன் விளைவுகளும் மாறுதலடைவதற்குக் காலமே காரணமாகிறது. பகுக்கப்படாத நிலையில் அது அகண்டம். நிமிஷம், நாழிகை, நாள், மாதம் என்று பகுக்கப்பட்ட நிலையில் கண்டம். சேதனமும் அசேதனமும் ஆகிய அனைத்தும் எம்பெருமானுக்குச் சரீரமாதலின், காலமும் அவனுக்கே உரியது.

இதிலிருந்து பெறப்படுவது யாது? களத்துமேட்டில் நெல் அளப்பவன் கையில் மரக்கால் இருக்கிறது. பத்து மரக்கால் அளந்தான், நூறு மரக்கால் அளந்தான் என்பதனால் அவன் நெல்லுக்கு உடையவனாகிவிடுவதில்லை. மணி, மாதம், ஆண்டு என்பன மனிதன் கையிலுள்ள மரக்கால்கள். அவற்றைக் கொண்டு அளப்பது குற்றமன்று. அளக்காவிட்டால் உலகம் நடவாது. அளந்ததனாலேயே அளக்கப்பட்டது தன்னுடையது என்று எண்ணுவதுதான் பிழை.

இன்னொரு நுட்பமும் உண்டு. மரக்காலுக்கு விதைநெல்லும் உண்ணும் நெல்லும் ஒன்றே. இரண்டும் ஒரே அளவாகத்தான் விழும். உழவனுக்கு அவ்வாறில்லை. விதைநெல் ஒரு மரக்காலுக்கு ஈடாக உண்ணும் நெல் இரண்டு மரக்கால் தருவதாகச் சொன்னாலும், விதைப்புக் காலத்தில் அவன் இசையமாட்டான். காலத்திலும் இவ்விரு வகை உண்டு. ஒன்று அளவு, மற்றொன்று பருவம். அளவில் எல்லா மணியும் சமம். கூலி, வட்டி, மின் கட்டணம், ரயில் வண்டியின் நேரம் ஆகியவற்றுக்கு அளவே போதும். அங்கே எல்லோர்க்கும் ஒரே அளவை வைப்பதுதான் நியாயமும் ஆகும். பருவத்திலோ ஒரு மணி மற்றொரு மணியின் இடத்தில் நிற்காது. பயிருக்குக் கதிர் முற்றும் நாள், குழந்தைக்குத் தாய் அருகிலிருக்க வேண்டிய இரவு, நோயுற்ற தந்தை மகனைத் தேடும் கடைசிப் பொழுது ஆகியவற்றுக்கு மாற்று மணி கிடையாது.

சட்டமும் இதனை ஓரளவு உணர்ந்திருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமும் 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டமும் வகுத்த நேரத்திற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும் என்று விதித்தன. கடிகாரத்தில் எட்டாம் மணிக்கும் பத்தாம் மணிக்கும் வேற்றுமை இல்லை. அப்படியிருக்க ஊதியம் ஏன் இரட்டிக்க வேண்டும்? பின்னதாக வாங்கப்படும் மணி தொழிற்சாலைக்கு ஒதுக்கப்பட்டதன்று. வேறு யாருக்கோ உரியதாயிருந்தது. மனைவி மக்களுக்கோ, உடலின் ஓய்வுக்கோ, இறைவழிபாட்டுக்கோ உரியதை எடுத்துக்கொள்வதனால் விலை ஏறுகிறது.

இரண்டு மாதம்

அளவும் பருவமும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்த வளையமாதேவியில் 2023 ஜூலை மாதம் நடந்தது. சுரங்க விரிவாக்கத்தின் பகுதியாகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, நெற்பயிர் வளர்ந்து நின்ற வயல்களில் இயந்திரங்கள் இறங்கின. பசும்பயிர் மண்ணோடு மண்ணாவதை நாடு முழுவதும் கண்டது.

நிறுவனத்தின் பக்கத்தில் ஒரு கணக்கு இருந்தது. அந்நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டவை. மழைக்காலம் வருமுன் கால்வாய் முடியாவிடில் வெள்ளநீர் வடிய வழியின்றிப் போகும். சுரங்கம் நின்றால் மின்சாரம் நிற்கும். இக்கணக்கைப் பொய்யென்று தள்ளிவிட இயலாது. மழைக்கும் ஒரு பருவம் உண்டன்றோ? உழவர் பக்கத்திலும் ஒரு கணக்கு இருந்தது. தாள்களில் நிலம் எவருடையதாயினும், விதைத்த பயிர் கண்முன் நிற்கிறது. அறுவடை ஆகும்வரை பொறுத்திருக்கலாகாதா என்பது அது. ஓரிரு மாதம் பொறுக்கலாகாதா என்னும் கேள்வி சென்னை உயர் நீதிமன்றத்திலும் ஒலித்தது. முடிவில், சேதமுற்ற பயிருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது.

யார் பக்கம் எத்தனை நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது இவ்விடத்தில் நோக்கமன்று. இரண்டு மாதம் என்னும் ஒரே சொல் இரு இடங்களில் எவ்வாறு இரு பொருள் தருகிறது என்பதைக் காண்பதே நோக்கம். பல ஆண்டுகள் நீளும் திட்டத்தில் இரண்டு மாதம் என்பது 1,440 மணி. முன்னாலோ பின்னாலோ தள்ளிப் பொருத்தத்தக்க ஓர் இடைவெளி. நான்கு மாதப் பயிரில் இரண்டு மாதம் என்பது முழு வெள்ளாமை. ஏர் ஓட்டியது, நாற்று நட்டது, நீர் பாய்ச்சியது, களை எடுத்தது ஆகிய எல்லா மணிகளும் பின்வரும் அந்த இரண்டு மாதத்தால்தான் பயன் பெறும். அவற்றை எடுத்துவிட்டால் முன் சென்ற மணிகளும் உடன் அழிகின்றன. ரூபாய் இழப்பை ஈடு செய்யலாம், ஈடு செய்ய வேண்டியதுதான், அதுவே நீதி. எனினும் விதைத்தவன் தான் விதைத்ததை அறுக்கும் நாளை அது திருப்பித் தந்துவிடாது.

அறநெறி நிற்போர்க்கு இதில் ஒரு விதி தெளிவாகும். இருவர் காலங்கள் மோதும்போது, எவருடைய மணி தள்ளிவைக்கத்தக்கது, எவருடையது தள்ளிவைத்தால் அழிந்துபோவது என்று முதலில் கேட்க வேண்டும். தள்ளிவைக்கக்கூடியவன் தள்ளிவைப்பதே அறம். அவன் வலியவனாயின் அக்கடமை இரட்டிக்கிறது. பேரமைப்புகளுக்கு மட்டும் உரியதன்று இவ்விதி. கூலிக்காரனைக் காலையில் வரச் சொல்லி மாலையில் பணம் தரும் வீட்டுக்காரனுக்கும், வாசலில் காத்து நிற்கும் ஏழையை நாளைக்கு வா என்னும் அதிகாரிக்கும் இதுவே விதி. அதிகாரியின் நாளை என்பது ஒரு சொல். நாட்கூலிக்காரனுக்கு அது ஒரு நாள் உணவு.

இரவு ஷிப்டும் அருணோதயமும்

இனி, உழைப்பவனின் சொந்தக் கணக்கைக் காண்போம். இரவு பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறு மணிக்கு முடியும் ஒரு பணி இருக்கிறது. அலுவலக நாட்காட்டி நள்ளிரவில் தேதியை மாற்றுவதால், அப்பணி இரண்டு தேதிகளில் விழுகிறது. பஞ்சாங்கமோ சூரியோதயம் முதல் சூரியோதயம் வரை ஒரு நாள் என்று கொள்வதால், அது ஒரே நாளின் கடைசி 20 நாழிகை. அதிலும் இறுதி நான்கு நாழிகை அருணோதயம். ஆறு மணிக்குக் கதிரவன் உதிப்பதாயின், 4 மணி 24 நிமிடத்தில் அது தொடங்குகிறது. வைகுண்ட ஏகாதசியன்று பெருமாள் கோயில்களில் பரமபத வாசல் திறக்க அன்பர்கள் திரண்டு நிற்கும் வேளையில், ஒரு தொழிலாளி கொதிகலனின் அழுத்தமானியைப் பார்த்தவாறு விழித்திருக்கிறான். அவன் விழிப்பு எந்தக் கணக்கில் சேரும்?

எல்லா மணியும் சமம் என்று கூறுவோர், மறுநாள் மாலையில் சென்று சேவித்தால் அதே பயன் என்பர். அது ஆறுதலாகலாம்; ஆனால் பருவத்தை மறுக்கும் சொல். பருவம் தவறினால் எல்லாம் போயிற்று என்போர் அவன் பயனிழந்தான் என்பர். அது கடமையை மறுக்கும் சொல். பெரியோர் வகுத்த நெறி இவ்விரண்டினும் வேறானது. பாஞ்சராத்ர வழி நிற்போர் ஒரு நாளை அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என ஐந்து காலங்களாகப் பகுத்தனர். எம்பெருமானை அணுகி வணங்குதல், ஆராதனத்திற்கு வேண்டிய பொருளைச் சேகரித்தல், ஆராதித்தல், நூல் பயிலல், அவனைத் தியானித்து ஒடுங்குதல் என்பன அவை. கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில் நெடுங்காலம் எழுந்தருளியிருந்த வேதாந்த தேசிகர் இம்முறையைப் பாஞ்சராத்ர ரக்ஷையில் ஆராய்ந்திருக்கிறார். இதில் சேகரித்தலாகிய உபாதானமும் வழிபாட்டின் ஓர் அங்கம் என்பது சிந்திக்கத்தக்கது. பொருள் ஈட்டும் பொழுது பக்திக்குப் புறம்பான பொழுது அன்று. நேர்மையாக ஈட்டி, ஈட்டியதை அவனுக்குரியதாக்கினால் அதுவும் அவனை நோக்கிய நேரமே. தன் கைவிளக்கு ஊர்க் கோயில்களின் விளக்காகவும் எரிகிறது என்று அறிந்து கொதிகலனைக் காப்பவன், தன் காலத்தைப் பறிகொடுத்தவன் ஆகான்.

ஆனால் இந்நெறியைச் சாக்காக்கிக்கொள்ளவும் இடமுண்டு. மாற்றாள் வராததால் அன்றிரவு நின்று காத்தவன் ஒருவன். மாற்றாள் இருந்தும், இரட்டிப்பு ஊதியத்திற்காக இரவு தோறும் நின்று, வீட்டில் மகன் எந்த வகுப்பில் படிக்கிறான் என்பதையும் அறியாதவன் மற்றொருவன். பதிவேட்டில் இருவர்க்கும் எட்டு மணிதான். மாத முடிவில் பின்னவனுக்குப் பணம் மிகுதி. 30 நாள் மாதத்தின் 720 மணியில் பணிக்கு 208, உறக்கத்திற்கு நாளொன்றுக்கு எட்டு வீதம் 240 போக, எஞ்சுவது 272 மணி. அந்த 272 மணி எவ்வாறு கழிந்தது என்று கேட்கும் பதிவேடு எந்த அலுவலகத்திலும் இல்லை. அவரவர் நெஞ்சமே அங்குப் பதிவேடு.

சங்கல்பம் காட்டும் வழி

கணக்கை மேலும் விரித்துக்கொண்டே போனால் மனிதன் திகைத்துப்போவான். விஷ்ணு புராணம் 15 நிமிஷம் ஒரு காஷ்டை, 30 காஷ்டை ஒரு கலை, 30 கலை ஒரு முகூர்த்தம், 30 முகூர்த்தம் ஒரு நாள் என்று தொடங்குகிறது. அவ்வாறாயின் ஒரு நாளுக்கு 4,05,000 நிமிஷம். கலியுகம் 4,32,000 ஆண்டு. நான்கு யுகமும் கூடிய சதுர்யுகம் 43,20,000 ஆண்டு. அத்தகைய ஆயிரம் சதுர்யுகம், 432 கோடி ஆண்டு, பிரமனுக்கு ஒரு பகல். இவ்வளவு பெரிய கணக்கிற்கு அடிப்படை எது? நிமிஷம், அதாவது மனிதனின் கண் ஒருமுறை இமைக்கும் பொழுது. பிரமனின் ஆயுளும் ஓர் இமைப்பின் மேல் அடுக்கி அளக்கப்பட்டதே.

432 கோடி ஆண்டின் முன் 720 மணி எம்மாத்திரம் என்று தோன்றலாம். வைதிகர் இக்கணக்கை எங்கே கூறுகின்றனர் என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஒரு செயலைத் தொடங்குமுன் செய்யும் சங்கல்பத்தில்தான் கூறுகின்றனர். பிரமனின் இரண்டாம் பரார்த்தம், ச்வேத வராஹ கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், 28ஆம் சதுர்யுகத்தின் கலியுகம், அதன் முதற் பாதம் என்று மிகப் பெரிய அளவிலிருந்து தொடங்கி, ஆண்டு, அயனம், ருது, மாதம், பக்ஷம், திதி, வாரம், நக்ஷத்திரம் என்று படிப்படியாக இறங்கி, இன்று இச்செயலை எம்பெருமான் ஆணையாலும் அவன் கைங்கர்யமாகவும் செய்கிறேன் என்று முடிக்கின்றனர். சம்பளப் பட்டியல் மணியிலிருந்து மாதத்திற்கு ஏறுகிறது. சங்கல்பம் கல்பத்திலிருந்து இந்த நாழிகைக்கு இறங்குகிறது. முன்னது எவ்வளவு ஆயிற்று என்று கேட்கிறது. பின்னது இப்பொழுது செய்யப்படுவது என்ன, யாருக்காக என்று கேட்கிறது. இரண்டு கேள்விக்கும் விடை இருந்தால்தான் கணக்கு முழுமை பெறும்.

இந்தக் கல்பத்திற்கு வராஹனின் பெயர் அமைந்திருப்பதை நெய்வேலி வட்டாரத்தார் தனிச் சிறப்போடு எண்ணிப் பார்க்கலாம். ஸ்வயம்வ்யக்த க்ஷேத்திரங்கள் எட்டனுள் ஒன்றாகப் போற்றப்படும் ஸ்ரீமுஷ்ணம் அதே கடலூர் மாவட்டத்தில் உள்ளது. அங்கே பூவராஹப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். மாசி மகத்தன்று அவர் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது இசுலாமியரும் எதிர்கொண்டு வரவேற்பது மரபு. நீரில் அமிழ்ந்த பூமிப்பிராட்டியை எடுத்து நிலைநிறுத்திய பெருமான் அவர். பூமியைத் தோண்டுவது அவ்வட்டாரத்தின் தொழில். பூமியை எடுத்துத் தாங்கியது அவ்வட்டாரத்துப் பெருமானின் செயல். தோண்டும் கைகளுக்கு இதனினும் சிறந்த நினைவூட்டல் வேண்டுமோ? எடுத்தது எவ்வளவு என்று மாதந்தோறும் எழுதும் கை, எடுத்த இடத்தில் மண் நிரப்பி மரம் வளர்த்ததும், நிலம் தந்தவர்க்கு வாழ்வு தந்ததும் எவ்வளவு என்று அதே ஏட்டில் எழுதுமாயின், அது பூவராஹனுக்கு உகப்பான கணக்காகும்.

திருவிழாவிற்கு வரும் சேவார்த்திகள் இந்தத் தத்துவத்தை நூல் கல்லாமலே அறிந்தவர்கள். இரவெல்லாம் வண்டியில் வந்து, பல மணி நேரம் வரிசையில் நின்று, கால் கடுக்க நகர்ந்து, சந்நிதியின் முன் சென்றதும் அவர்கள் பெறுவது சில நொடிச் சேவை. எத்தனை மணி கொடுத்து எத்தனை நொடி பெற்றோம் என்று எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. அவர்களுள் கூலி இழந்து வந்தவர்கள் உண்டு. இரவு ஷிப்டு முடித்து உறங்காமல் வந்தவர்கள் உண்டு. வரிசையில் முன்னே நிற்கும் முதியவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் ஒருவர் தம் இடத்தை விட்டுக்கொடுத்தால், அந்தச் சில நிமிடம் அவருக்குக் குறைந்துபோகும். பெற்றவருக்கு அது பருவத்தில் கிடைத்த மழையாகும். தள்ளிவைக்கக்கூடியவன் தள்ளிவைப்பதே அறம் என்பது திருக்கோயில் வரிசையிலேயே தொடங்கத்தக்கது.

மணிகளைக் கூட்டி மாதமாக்குக, அதில் தவறில்லை. கூட்டுமுன், இது யாருக்குரிய மணி என்று ஒருமுறை கேட்டுக்கொள்க. காலத்திற்கு உடையவனான எம்பெருமான் திருவருளால் அக்கேள்வி அன்பர்கள் அனைவர் உள்ளத்திலும் நிலைத்து, அவரவர் நாழிகைகள் அவரவர் கடமையில் பயன்படுமாக!